வெயிலில் ஓடும் பாய்: பழவேற்காட்டுக்கு இரண்டு பயணம்

பழவேற்காட்டுக்கு எப்படிப் போவது என்று போன மாதம் மட்டும் நாலைந்து பேர் பின்னூட்டத்தில் கேட்டுவிட்டீர்கள். பூநாரை பார்க்க வேண்டும், டச்சுக்காரர் கல்லறை பார்க்க வேண்டும், நண்டு சாப்பிட வேண்டும் என்று ஆளுக்கொரு காரணம். நான் முதன்முதலில் அங்கே போனது 1977 பங்குனியில். காரணத்தைச் சொன்னால் சிரிப்பீர்கள், சிரித்துக்கொள்ளுங்கள். சூரிய வெளிச்சம் ஒரு பொருளைத் தள்ளும் என்பதை யாராவது ஒருவரிடம் சொல்லி, அவர் வாயால் ஒரு "ஆமா" கேட்க வேண்டும் என்று போனேன்.

அப்போது எனக்கு இருபத்தாறு வயது. சொந்த ஊர் சாத்தூர்ப் பக்கம். கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையில் ஒரு சின்ன கம்பெனியில் கெமிஸ்ட். பேட்டை அப்போது புதுசு. பாதி மனையில் புகைபோக்கி, மீதிப் பாதியில் கருவேலமுள். எங்கள் கம்பெனியில் மெல்லிய பிளாஸ்டிக் சுருளின் மேல் அலுமினியப் பூச்சு ஏற்றுவோம். காற்றை உறிஞ்சி எடுத்த ஒரு பெரிய இரும்புப் பீப்பாய்க்குள் அலுமினியக் கம்பி ஆவியாகிப் பிளாஸ்டிக்கில் படியும். வெளியே வரும்போது கண்ணாடி மாதிரி மின்னும். அதைப் பொடிப்பொடியாக நறுக்கினால் ஜிகினா, நீளநீளமாகக் கிழித்தால் போலி ஜரிகை. ஊரில் யாருக்குக் கல்யாணம் நடந்தாலும் மணவறையில் என் கைவேலை தொங்கும். எனக்குத்தான் நடக்கவில்லை.

தங்கியிருந்தது கடைத்தெருவில் ஓர் அரிசி மண்டிக்கு மேலே ஒற்றை அறை. ஷிப்ட் முடிந்து வந்தால் பேச ஆள் கிடையாது. ஊரில் அண்ணன் குடும்பம் இருந்தது. தீபாவளிக்குப் போய் இறங்கிய மறுநாளே "எப்பக் கிளம்புற?" என்று கேட்பார்கள். தப்பாகக் கேட்கவில்லை, ரயிலுக்குக் கட்டுச்சோறு கட்டுவதற்காகத்தான் கேட்பார்கள். இருந்தாலும் கேட்பார்கள்.

அந்த வருஷம் பழைய பேப்பர்க் கடையில் ஓர் ஆங்கிலப் பத்திரிகை கையில் கிடைத்தது. எழுபத்தாறு வருஷத்துக்கு ஒருமுறை வருமே ஒரு வால்நட்சத்திரம், அதன் பக்கத்தில் போய்ச் சேர அமெரிக்காவில் ஒரு யோசனை வைத்திருந்தார்கள். ராக்கெட்டில் கொண்டுபோய் விட்டபின் எரிபொருளே இல்லாமல், படகுக்குக் கட்டுவதுபோல் ஒரு பெரிய பாயை விரித்து, சூரிய வெளிச்சம் அதில் பட்டுத் திரும்புகிற தள்ளலிலேயே ஓடுவது. பாய் எதனால் ஆனது தெரியுமா? அலுமினியம் பூசிய பிளாஸ்டிக். படித்துவிட்டு அப்படியே கடை வாசலில் நின்றுவிட்டேன். நாம் ஜிகினாவாக நறுக்கிக்கொண்டிருப்பது அதே ஜாதிச் சரக்கு.

தள்ளல் என்றதும் பெரிதாக நினைத்துவிடாதீர்கள். கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஓர் ஏக்கர் அளவு பாயை விரித்தாலும் அதன்மேல் விழும் வெயிலின் தள்ளல் மூன்றரை கிராம்தான், நாலு புளியங்கொட்டை கனம். ஆனால் வானவெளியில் தடுக்கக் காற்று இல்லை, உராய இடம் இல்லை. வெயில் ஞாயிற்றுக்கிழமை லீவு போடுவதும் இல்லை. அந்த நாலு புளியங்கொட்டை இரவு பகல் பாராமல் மாதக்கணக்கில் தள்ளித் தள்ளி, கடைசியில் எந்த ராக்கெட்டும் எட்டாத வேகத்துக்குக் கொண்டுபோய்விடும். அதற்கு மூன்று வருஷம் முன்பே, புதன் கிரகத்துக்குப் போன ஒரு விண்கலத்தில் திசை திருப்பும் வாயு குறைந்தபோது, அதன் சூரிய மின்பலகைகளைச் சாய்த்து வெயிலின் தள்ளலாலேயே திசை மாறாமல் பிடித்து வைத்திருக்கிறார்கள். கதை இல்லை, நடந்தது.

இதைக் கம்பெனி கேன்டீனில் ஃபோர்மேனிடம் சொன்னேன். மீஞ்சூர்ப் பக்கத்து ஆள், நல்ல மனுஷன். டீயைக் கீழே வைத்துவிட்டு யோசித்தார்.

"வெய்யிலு தள்ளும்னா எனக்குப் பஸ் காசு மிச்சம் சார். காலைல சூரியன் கிழக்கால கீது, ஃபேக்டரிக்குத் தள்ளிவுட்டுடும். சாயங்காலம் மேற்கால போயி ஊட்டுக்குத் தள்ளிவுட்டுடும்."

மேஜையைச் சுற்றி ஒரே சிரிப்பு. நானும் சிரித்தேன். அறைக்கு வந்தபின் சிரிப்பு வரவில்லை. ஒரு பெரிய விஷயம் தெரிந்திருக்கிறது, சொல்ல ஆள் இல்லை என்பது பசி மாதிரி ஒரு அவஸ்தை. அப்போதுதான் தோன்றியது: பாய் என்கிறோமே, நான் கரிசக்காட்டில் பிறந்தவன், பாய்மரப் படகைப் பக்கத்தில் நின்று பார்த்ததே இல்லை. பாய் கட்டிப் பிழைக்கிறவனுக்கு இது ஒரே வார்த்தையில் விளங்கிவிடுமே.

வாரத்தில் ஒருநாள் மின்வெட்டு விடுமுறை எங்களுக்கு. அந்த நாளில், கம்பெனியில் சொல்லிவிட்டு எடுத்த ஒரு கழிவுச் சுருளோடு கிளம்பினேன். காலை ஆறேகால் பாசஞ்சர், கரி எஞ்சின், பொன்னேரி வரை பன்னிரண்டு கிலோமீட்டர், நாற்பது பைசா. சட்டையில் கரித்தூள் இலவசம். பொன்னேரியில் நாஷ்டா முடித்துவிட்டுப் பழவேற்காடு பஸ். பதினெட்டு கிலோமீட்டருக்கு அறுபத்தைந்து பைசா, ஒரு மணி நேரம். கண்டக்டர் என் கையில் மின்னிய சுருளைப் பார்த்தார்.

"இன்னா சார், டெக்கரேஷனா? யாருக்குக் கண்ணாலம்?"

"யாருக்கும் இல்லை."

"உங்களுக்கோன்னு நென்ச்சேன்" என்று சில்லறையைக் கையில் வைத்தார். பஸ் முழுக்கத் திரும்பிப் பார்த்தது.

பஸ் நின்ற இடத்திலிருந்து ஏரிக்கரை ஐந்து நிமிட நடை. ஏரி என்றா சொல்வது, எதிர்க்கரை தெரியாத தண்ணீர். முழங்கால் ஆழத்தில் ஆட்கள் நடந்துகொண்டிருந்தார்கள். தூரத்தில் அழுக்கு மஞ்சள் நிறத்தில் பாய்கள் நகர்ந்துகொண்டிருந்தன. கரையில் கட்டியிருந்த ஒரு படகின் விளிம்பில் நாற்பது வயதுக்காரர் ஒருவர் சும்மா உட்கார்ந்திருந்தார். பெயர் ஏழுமலை. இவ்வளவு பேர் தண்ணீரில் இருக்கும்போது நீங்கள் மட்டும் ஏன் கரையில் என்று கேட்டேன்.

"இன்னிக்கி எம் பாடு இல்ல சார்."

அங்கே ஏரியில் எவன் வேண்டுமானாலும் எங்கே வேண்டுமானாலும் வலை போட முடியாது. மீன்பாடு உள்ள இடங்களைக் குப்பத்துக் குடும்பங்கள் முறைவைத்துப் பிரித்துக்கொள்கிறார்கள். அந்த முறைக்குப் பெயர்தான் பாடு. உங்கள் முறை வரும் நாளில் அந்த இடம் உங்களுடையது. மற்ற நாளில் வலை இறக்கினால் ஊர் தண்டம் போடும். முறை இல்லாத நாள் என்பதால் ஐந்து ரூபாய்க்கு என்னை ஏற்றிக்கொள்ள ஒப்புக்கொண்டார்.

கிளம்புமுன் நான் வந்த காரியத்தைச் சொல்லிவிடலாம் என்று பக்கத்தில் இருந்த ஓலைக்கொட்டகை நிழலில் சுருளைப் பிரித்தேன். கொட்டகையில் ஒரு பெண் இறால் தரம் பிரித்துக்கொண்டிருந்தார். முப்பதுக்குள் இருக்கும். "எந்தம்பி பொஞ்சாதி, அம்சா" என்றார் ஏழுமலை. நான் ஒரு முழம் படலத்தை வெயிலில் தூக்கிப் பிடித்தேன். அது படபடவென்று அடித்துக்கொண்டு கையைவிட்டுப் போகப் பார்த்தது.

"பாரு, தள்ளுது" என்றார் ஏழுமலை.

"அது காத்துங்க. நான் சொல்றது வெயில்." என் நிலைமையைப் பாருங்கள். வெயில் தள்ளுவதைப் பூமியில் வைத்துக் காட்டவே முடியாது, காற்று முந்திக்கொள்ளும். ஆகவே வாயால்தான் சொன்னேன். காற்றே இல்லாத இடம், ஏக்கர் கணக்கில் பாய், அதில் வெயில் பட்டுத் திரும்பும்போது கொடுக்கும் சின்னத் தள்ளல், நிற்காத தள்ளல். ஏழுமலை தாடையைத் தடவிக்கொண்டே கேட்டார். சிரிக்கவில்லை. அதுவே எனக்குப் பெரிசாக இருந்தது.

அம்சாதான் நிமிர்ந்து பார்த்தார். "அப்டிப் போனது திரும்பி வருமா சார்?"

பத்திரிகையில் போவதைப் பற்றித்தான் எழுதியிருந்தது. திரும்புவதைப் பற்றி நான் யோசிக்கவே இல்லை. "தெரியலம்மா" என்றேன். அவர் மறுபடி இறாலைப் பார்க்கக் குனிந்துகொண்டார்.

படகு கிழக்கே முகத்துவாரத்தைப் பார்த்துப் போனது. காலையில் கரைக்காற்று கடலைப் பார்த்து அடிக்கும், மதியத்துக்குமேல் கடல்காற்று கரையைப் பார்த்து அடிக்கும். போவது ஒன்றில், வருவது மற்றதில். இதுதான் அங்கே எல்லாரும் செய்வது. காற்று மாறுவதற்கு முன்பே எதிர்க்காற்றில் திரும்பிக் காட்ட முடியுமா என்று கேட்டேன். பைத்தியத்தைப் பார்ப்பதுபோல் பார்த்தார்.

"ரெண்டு மணி நேரம் குந்தினு இருந்தா காத்தே கொண்டாந்து வுட்டுடும். இன்னாத்துக்கு பேஜாரு?" என்றார். ஆனாலும் படகைத் திருப்பினார். பக்கவாட்டில் ஒரு பலகையைத் தண்ணீருக்குள் இறக்கினார். பாயைச் சாய்த்துக் கட்டினார். படகு நேராகக் கரைக்கு வராமல் குறுக்கே ஓடியது. கொஞ்ச தூரம் போனதும் பாயை மாற்றிக் கட்டி மறுபக்கம் குறுக்கே ஓடியது. இப்படி வளைந்து வளைந்து, எதிர்த்து அடிக்கும் காற்றையே வைத்துக்கொண்டு கரையைப் பார்த்து வந்துகொண்டிருந்தோம்.

"பாயி காத்தப் புடிச்சிக்கும், பலக தண்ணியப் புடிச்சிக்கும். ரெண்டும் சண்ட போட்டுக்கினா படகு நடுவுல பூந்து முன்னால வந்துடும்" என்றவர், கொஞ்சம் பொறுத்துச் சொன்னார்: "உங்க பாய்க்கி அடீல தண்ணி இல்லியே சார். புடிமானம் இல்லாம எதுக்க எப்டி வரும்? நானும் அப்பத்துலர்ந்து அதத்தான் ரோசன பண்ணிக்கினு வரேன். வராது சார். போனா போனதுதான்."

சரியாகத்தான் பட்டது. அப்புறம்தான், திரும்பி வருமா என்று அம்சா ஏன் கேட்டார் என்பதை ஏழுமலை சொன்னார். தம்பி கோவிந்தன் இரண்டு வருஷம் முன்பு காலைக் கரைக்காற்றில் கடலுக்குப் போனவன். மதியம் கடல்காற்று வந்தது, போன படகெல்லாம் வந்தது, அவன் படகு வரவில்லை. படகின் ஒரு கட்டைகூடக் கிடைக்கவில்லை.

"சித்திரைப் பௌர்ணமிக்கு ஊர்க்கூட்டம் சார். பாடு பிரிக்கச்சொல்ல ஒவ்வொரு பேரா கூப்டுவாங்க. ஊட்டுக்காரன் 'கீறேன்'னு சொல்லணும். ரெண்டு வருசமா அவன் பேரக் கூப்டா நான் 'வருவான்'னு சொல்லினு கீறேன். அத்த வெச்சித்தான் அவன் பங்கு அம்சாவுக்கு வருது. இந்த வாட்டி பெரியவங்க கண்டிசனா சொல்ட்டாங்க. நெஞ்சுல கை வெச்சி நெசமா வருவான்னு நம்பினா சொல்லு, இல்லன்னா வாய மூடினு இரு, பேர எடுத்துடுறோம்னு."

"சொல்வீங்களா?"

"தெர்ல சார். வாய மூடினா அவனக் கொன்னவன் நானு. தொறந்தா பொய்யி."

கரையில் இறங்கியபோது ஐந்து ரூபாயைக் கொடுத்தேன். அம்சா இன்னும் கொட்டகையில்தான் இருந்தார். போய்ச் சொல்லிக்கொள்ள மனம் வரவில்லை. தெரியாது என்றவன் மறுபடி போய் என்ன சொல்வது?

ஆனால் அந்தக் கேள்வி என்னைவிட்டுப் போகவில்லை. ஊர்க்கூட்டம் முடிந்து, வைகாசியும் பிறந்த பிறகு, ஒரு சாப்பாட்டு வேளையில் பார்சல் கட்டும் தாளின் பின்பக்கம் வரைந்துகொண்டிருந்தபோது பிடிபட்டது. அங்கே தண்ணீர் இல்லைதான். ஆனால் சூரியனின் இழுப்பு இருக்கிறது. விண்கலம் சும்மா நிற்கவில்லை, பூமியைப் போலவே சூரியனைச் சுற்றி ஓடிக்கொண்டிருக்கிறது. அந்த வேகத்தால்தான் இழுப்புக்குத் தப்பி வெளியே நிற்கிறது. பாயை ஒரு பக்கம் சாய்த்தால் வெயில் அதை ஓட்டத்தின் திசையிலேயே தள்ளும், வேகம் கூடி விலகிப் போகும். மறுபக்கம் சாய்த்தால் ஓட்டத்துக்கு எதிரே தள்ளும். வேகம் குறையும். குறையக் குறைய சூரியன் உள்ளே இழுத்துக்கொள்ளும். தள்ளுகிற அதே வெயிலை வைத்துக்கொண்டே சூரியனைப் பார்த்து வந்துவிடலாம். திரும்பி வரும். ஐயோ, வரும்.

அடுத்த மின்வெட்டு நாளில் அதே ஆறேகால் பாசஞ்சரில் ஏறிவிட்டேன். இந்தத் தடவை கையில் சுருள் இல்லை. கண்டக்டர் அடையாளம் கண்டுகொண்டு, "கண்ணாலம் முட்ஞ்சிதா?" என்றார். முடிந்துவிட்டது என்று சொல்லிவைத்தேன்.

ஏழுமலை அன்று பாடு முடிந்து கரை ஏறியிருந்தார். வலையை உதறிக்கொண்டே கூட்டத்தில் நடந்ததைச் சொன்னார்.

"சொல்லிடறதுன்னுதான் சார் போனேன். நெஞ்சுல கையும் வெச்சிட்டேன். 'கோவிந்தன்'னு கூப்ட்டாங்க. நான் வாய தொறக்கறதுக்குள்ள பின்னால பொம்பளைங்க நிக்கற எடத்துலர்ந்து 'வரமாட்டாரு'ன்னு ஒரு கொரலு. திரும்பிப் பாத்தா அம்சா. பொம்பள பேசறது எங்க ஊர்க்கூட்டத்துல கெடையாது. ஒருத்தரும் அவள அதட்டல. பேர எடுத்துட்டாங்க."

"ஏன் அப்படிச் சொன்னாங்க?"

"நானும் கேட்டேன். 'இன்னும் எத்தினி வருசம் மாமா உன்ன பொய் சொல்ல வெக்கறது'ன்னா. அவ்ளோதான். அப்பத்துலர்ந்து நானும் அவ மொகத்தப் பாக்கல."

வந்த விஷயத்தைச் சொல்லாமலே திரும்பிவிடலாமா என்று நினைத்தேன். ஆனால் கேட்டது அம்சா. கேள்வி கேட்டவருக்குப் பதில் சொல்லாமல் போவது சரியில்லை என்று கொட்டகைக்குப் போனேன். அம்சா இறால் பிரித்துக்கொண்டிருந்தார், இப்போது கூலிக்கு.

"அன்னிக்கு ஒண்ணு கேட்டீங்களேம்மா, திரும்பி வருமான்னு. வரும்" என்றேன். தரையில் குச்சியால் வட்டம் போட்டேன். சூரியன், ஓட்டம், பாயைச் சாய்க்கிற விதம், எல்லாம் சொன்னேன். "வெளிய எவ்வளவு தூரம் போயிருந்தாலும் சூரியன் இழுத்துக்கிட்டே இருக்கு. அந்த இழுப்பு இருக்கறதாலதான் திரும்ப முடியுது."

வட்டத்தைப் பார்த்தார். நன்றாகவே பார்த்தார். புரிந்துவிட்டது என்று முகத்தில் தெரிந்தது. நான் மூன்று மாதமாகத் தேடிய ஆள் அவர்தான்.

"ஆமா சார்" என்றார். "இழுக்கறதுக்கு ஒண்ணு இருந்தா வரும்." கையிலிருந்த இறாலைக் கூடையில் போட்டார். "நான் ரெண்டு வருசமா இழுத்துக்கினுதானே சார் இருந்தேன்?"

பதிலுக்குக் காத்திராமல் அடுத்த குவியலை இழுத்து வைத்துக்கொண்டார். குச்சியைக் கீழே போட்டுவிட்டு பஸ் நிறுத்தத்துக்கு நடந்தேன்.

போக நினைப்பவர்களுக்குச் சில வார்த்தை. நான் சொன்ன கட்டணத்தை நம்பிக் கிளம்பாதீர்கள், இன்று அந்தக் காசுக்குத் தீப்பெட்டி கிடைக்காது. கும்மிடிப்பூண்டி வழித்தடத்தில் மின்சார ரயில் அடிக்கடி ஓடுகிறது, பொன்னேரியில் இறங்கினால் பழவேற்காட்டுக்குப் பஸ்ஸும் ஷேர் ஆட்டோவும் உண்டு. பறவை பார்க்கத் தை, மாசி நல்லது. தொப்பியும் தண்ணீரும் கட்டாயம். பாய்மரம் இப்போது தேடித்தான் பார்க்க வேண்டும், எல்லாம் மோட்டார். பாதுகாப்புச் சட்டை தராத படகில் ஏறாதீர்கள். வால்நட்சத்திரத்துக்குப் பாய் விரிக்கும் யோசனையை அமெரிக்காவில் அந்த வருஷமே கைவிட்டுவிட்டார்கள் என்று பிற்பாடு படித்தேன். 2010-இல் ஜப்பானியர்கள் ஒன்றை விரித்தார்கள். அது சூரியன் இருக்கும் பக்கம், வெள்ளிக் கிரகத்தைப் பார்த்துப் போனது. வெயில் தள்ளுவதை அளந்தும் காட்டிவிட்டார்கள். அன்று எனக்குச் சொல்ல ஆள் இருந்தது, வீட்டில் மனைவி, மகள். சொன்னேன். கேட்டார்கள்.

ஆனால் 1977-இல் அந்தத் திரும்பும் பஸ்ஸில் நான் தனியாகத்தான் உட்கார்ந்திருந்தேன். இருட்டவில்லை, நல்ல வெயில், ஜன்னலோர இடம். கேட்க வந்த "ஆமா"வைக் கேட்டாகிவிட்டது. சந்தோஷமாக இருந்திருக்க வேண்டும். நான் நாளைக்கே எங்காவது தொலைந்துபோனால் கம்பெனியில் மூன்று நாள் பார்த்துவிட்டு வேறு கெமிஸ்ட்டைப் போடுவார்கள், மண்டிக்காரர் அறையை வேறு ஆளுக்கு விடுவார் என்று மனம் கணக்குப் போட்டுக்கொண்டே வந்தது. கூட்டத்தில் என் பெயரைக் கூப்பிட்டால் "வருவான்" என்று பொய் சொல்லக்கூட ஒருவர் கிடையாது. கடலோடு போன கோவிந்தன்மேல் எனக்குப் பொறாமையாக இருந்தது. செத்துப்போன ஒரு மனுஷன்மேல் பொறாமைப்பட்டுக்கொண்டே பொன்னேரி வரை வந்தேன்.